ஆவுடையம்மாளின் ஆறு அதிரசம்

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த மரகதவல்லிக்கு, சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவரை கண்ணயர்ந்துவிடும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம் ஒரு நாள், அப்படிக் கண் சொக்கப்போன நேரத்தில் பக்கத்தில் இருந்த பெண் எதையோ மனப்பாடம் செய்வது காதில் விழுந்தது.

“ஆவுடையம்மாள் பசியோடு இருக்கிறாள். முதல் அதிரசம் அவளுக்கு அமிர்தமாக இருக்கிறது. இரண்டாவதும் ருசிக்கிறது. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள்…”

மரகதவல்லிக்குத் தூக்கம் பறந்தது. ஆவுடையம்மாள் அவளுடைய மாமியார்.

ஒரு பொருளை அடுத்தடுத்து அனுபவிக்க அனுபவிக்க அதன் ருசி குறைந்துகொண்டே போகும் என்பது பொருளாதாரத்தில் ஒரு விதி. பாடப்புத்தகம் அதற்கு ஆப்பிள் பழத்தை உதாரணம் சொன்னது. ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகும்போது மட்டும் ஆப்பிள் வாங்குகிற ஊரில், ஒருத்தர் உட்கார்ந்து ஆறு ஆப்பிள் தின்கிறார் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? எட்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு மறுநாள் வகுப்பில் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆப்பிளைத் தள்ளிவிட்டு அதிரசத்தை எடுத்தாள். யார் தின்கிறார்கள் என்று ஒரு பேர் வேண்டுமே. தீபாவளிக்கு அடுப்படியில் உட்கார்ந்து அதிரசம் சுட்ட மாமியாரின் பேர் வாயில் வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்திக்கும் மறக்கவில்லை. அன்றையிலிருந்து வருஷா வருஷம் ஆவுடையம்மாள் ஆறு அதிரசம் தின்றுகொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாமல்.

“பாப்பா, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தாரேன்” என்றாள் மரகதவல்லி.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். பேர் தங்கபாய். பகலில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்டரியில் வேலை, சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டுட்டோரியல். பிளஸ் டூவில் பொருளாதாரம் மட்டும் தவறிப்போய், வருகிற பங்குனியில் மறுபடி எழுதப் போகிறவள்.

அட்டையில் ‘வெற்றிப் பொருளாதாரம்’ என்று சிவப்பில் போட்டிருந்தது. கீழே, ‘ஆக்கியோன்: பேராசிரியர் ஐயாதுரை’. உள்ளே அத்தனையும் மரகதவல்லியின் நோட்ஸ். தலைப்புகள் அவள் வைத்தவை. ‘இதை இரண்டு தடவை எழுதிப் பாருங்கள்’ என்று அவள் வகுப்பில் சொன்னதைக்கூட அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

“இந்தப் புத்தகம் வந்த பொறவுதான் டீச்சர் எனக்குப் பாடமே புரியுது” என்றாள் தங்கபாய். “எழுதுனவரு பெரிய ஆளு.”

மரகதவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் முப்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள். ‘விலை கூடினால் தேவை குறையும், விலை குறைந்தால் தேவை கூடும்’ என்பது அவள் சொன்ன வரி. அச்சுக் கோத்தவரின் கண் முதல் ‘தேவை’யிலிருந்து இரண்டாவது ‘தேவை’க்குத் தாவிவிட்டது. ‘விலை கூடினால் தேவை கூடும்’ என்று இருந்தது. அதன் அடியில் தங்கபாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். தப்பைச் சொல்வதற்குள் பஸ் நின்றுவிட, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அன்றைக்கு மரகதவல்லி வீட்டுக்குப் போகாமல் நேரே டுட்டோரியலுக்குப் போய், முதலில் ஒரு புத்தகத்தை விலைக்கு வாங்கினாள்.

அது ஒரு ஜவுளிக்கடையின் மாடி. ஐயாதுரைக்கு நாற்பது வயது, படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. “வாங்க டீச்சர், உக்காருங்க. பிள்ளைய சேக்கணுமா?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இந்தப் புத்தகம் நீங்க எழுதினதா?”

“அட்டையிலயே இருக்குல்லா.”

“அப்ப ஆவுடையம்மாள் யாரு?”

“அது சும்மா ஒரு கற்பனைப் பாத்திரம்.”

“அவிய எங்க மாமியார்.”

ஐயாதுரை சட்டைப் பையில் இருந்த பேனாக்களை நேராக்கிக்கொண்டார். “பாடம்ங்கிறது எல்லாருக்கும் பொது டீச்சர். காத்து மாதிரி, தண்ணி மாதிரி. தேவை விதிய நீங்களா கண்டுபிடிச்சிய? நீங்களும் எங்கயோ பாத்து எடுத்ததுதான? நீங்க எடுத்தா பாடம், நான் எடுத்தா திருட்டா?”

அதை அப்படியே விட்டுவிட்டு மரகதவல்லி முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். “இது தப்பா இருக்கு. பரீட்சைக்கு ஒரு மாசம்தான் கெடக்கு.”

“அச்சுக் கோக்கிறவன் ஒரு வரியத் தாண்டிருப்பான். பிள்ளைக புரிஞ்சுக்கிடும்.” உள்ளே வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஐயாதுரை சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டில் அவள் கணவன் சங்கரலிங்கம், மில்லில் ஸ்டோர் கீப்பர், கதையைக் கேட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். “அம்மா காதுக்கு மட்டும் போகாமப் பாத்துக்கோ” என்றான். ஆவுடையம்மாளுக்குச் சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காபிக்கே சீனி கிடையாது.

மறுநாள் மரகதவல்லி கோபத்தோடுதான் வகுப்புக்குள் நுழைந்தாள். மேஜையில் ‘வெற்றிப் பொருளாதார’த்தை வைத்தாள். “இது என் நோட்ஸ். இதை வெளிய குடுத்தது யாரு?”

மூன்றாவது பெஞ்சிலிருந்து பரிபூரணம் எழுந்தாள். பள்ளி நூலகத்துக்கு லீடர் அவள். ஒரு புத்தகத்தின் ஓரம் மடங்கினால்கூடச் சகிக்க மாட்டாள். “நான்தான் டீச்சர். எங்க சித்தி மகன் அந்த டுட்டோரியல்ல படிக்கான். ரெண்டு நாள்ல தாரேன்னு வாங்கிட்டுப் போனான். புத்தகம் போடுவாவன்னு தெரியாது டீச்சர்.” அவள் கண் கலங்கிவிட்டது.

“நீ படிக்கக் குடுத்த, அது தப்பில்ல. உக்காரு” என்றாள் மரகதவல்லி. கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனது.

“அப்ப ஜெராக்ஸ் எடுக்குறது தப்பா டீச்சர்?” என்றாள் ஒருத்தி. “நாங்க அம்புட்டுப் பேரும் எடுத்துருக்கோமே.” “புத்தகத்தைப் பாத்துக் கட்டுரை எழுதுறது?” என்றாள் இன்னொருத்தி. “பொங்கலுக்கு நான் பாடின பாட்டு சினிமாப் பாட்டுத்தானே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பு சந்தைக்கடை ஆனது.

மரகதவல்லிக்கு ஐயாதுரையின் கேள்வி இரவெல்லாம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லோரையும் கலர் பென்சில் எடுக்கச் சொன்னாள். நோட்ஸில் பாடப்புத்தகத்தில் உள்ளது எல்லாவற்றுக்கும் நீலம். டீச்சர் சொந்தமாகச் சொன்னதற்குச் சிவப்பு. வேறெங்கிருந்தாவது வந்தது என்று தெரிந்தால் பச்சை.

இரண்டு பீரியடு ஓடியது. பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினார்கள். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். விதிகள், வரையறைகள் எல்லாம் நீலமாயின. அதிரசம் சிவப்பு. பஞ்சு விலை ஏறினால் நெசவாளி வீட்டில் என்ன ஆகும் என்று அவள் விளக்கியது சிவப்பு. அவளுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. இதுதான் என்னுடையது, இதை எடுத்தால் திருட்டு என்று ஐயாதுரை முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

பரிபூரணம் மட்டும் இடையில் அனுமதி கேட்டு நூலகத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் பழைய காலிகோ துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. எழுதியவர் ஆராவமுதன் என்ற பேராசிரியர். அவள் அதைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

பணவீக்கம் பற்றிய பகுதி. மரகதவல்லி வருஷா வருஷம் சொல்லிவந்த அதே இரண்டு பக்கம். ‘காற்று ஏறிய பந்து பெரிதாகத் தெரியும், கனக்காது, வீங்கிய பணமும் அப்படித்தான்’ என்ற வரி உட்பட. அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் ஒரு நொடி நிறுத்திப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாள்.

கல்லூரியில் படிக்கும்போது எழுதிவைத்தது. எங்கிருந்து எழுதினோம் என்று குறிக்கவில்லை. சொல்லிச் சொல்லித் தன்னுடைய வாக்கியம் என்றே நினைத்துவிட்டாள்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அத்தனை கண்ணும் மேஜை மேல் இருந்தது. பரிபூரணம் தப்பு செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“பச்சையை எடுங்க” என்றாள் மரகதவல்லி. “ரெண்டு பக்கத்துக்கும் பச்சை அடிங்க. ஓரத்துல பேராசிரியர் ஆராவமுதன்னு எழுதுங்க. நான் அவர் பேரைச் சொல்லாம எடுத்துட்டேன். நல்லா கண்டுபிடிச்ச, பரிபூரணம்.”

அன்று சாயங்காலமே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினாள். புத்தகத்தில் போட்டிருந்த பாளையங்கோட்டை விலாசம் இருபது வருஷப் பழசு. போய்ச் சேருமோ என்னவோ என்றுதான் பெட்டியில் போட்டாள். எட்டாம் நாள் பதில் வந்தது, குண்டு குண்டான எழுத்தில்.

‘என் புத்தகத்தை இன்னும் ஒரு ஜீவன் படிக்கிறது என்று அறிந்து சந்தோஷம். மாணவர் தாம் படிக்க நகல் எடுப்பதற்கும், ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதற்கும் சட்டமே இடம் தந்திருக்கிறது. நாலு வரியை மேற்கோளாக எடுத்து, எடுத்த இடத்தைச் சொன்னால் அதுவும் முறைதான். அச்சடித்து விற்பது வேறு விவகாரம். அதற்கு எழுதியவனைக் கேட்க வேண்டும். விதி யாருக்கும் சொந்தமில்லை அம்மா, அதைச் சொன்ன விதம் சொன்னவருக்குச் சொந்தம். என் இரண்டு பக்கத்தைப் பேர் போட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பந்து உவமை மட்டும் என்னுடையதல்ல. என் ஆசிரியர் சொன்னது. அதை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். நீங்கள் அடிக்குறிப்பை எழுதிக்கொள்ளவில்லை போலும்.’

கடைசி வரியைப் படித்தபோது மரகதவல்லிக்குக் காது மடல் சூடானது.

கடிதத்தை மடித்து வைக்கிற நேரத்தில் வாசலில் செருப்பு விசிறப்பட்ட சத்தம் கேட்டது. ரேஷன் கடைக்குப் போயிருந்த ஆவுடையம்மாள் திரும்பிவிட்டாள். பையில் சர்க்கரை இல்லை; முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

“ஏட்டி மரகதம்! நான் எப்பட்டி ஆறு அதிரசம் தின்னேன்?”

மரகதவல்லி ரேஷன் பையைக் கையில் வாங்கினாள்.

“வரிசையில நிக்கேன், மேலத்தெரு இருளம்மாள் கேக்கா, ‘மதினி, சக்கரைய ஒடம்புல வச்சுக்கிட்டு ஆறு அதிரசமா திங்கிய? புத்தகத்துலயே போட்டுட்டானாமே’ன்னு. அவ பேத்தி மனப்பாடம் பண்ணுதாளாம். வரிசை பூராம் சிரிக்குது. சொல்லுட்டி, நான் என்ன அம்புட்டுத் தீனிப்பண்டாரமா?”

மறைத்துப் பயனில்லை. மரகதவல்லி தீபாவளி வகுப்பிலிருந்து பேராசிரியர் கடிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுதையும் கேட்டாள்.

“அந்த ஆளு உன்னயக் கேக்கல. நீ பாளையங்கோட்டைக்காரரக் கேக்கல. ரெண்டு பேருமாச் சேந்து என்னயக் கேக்கல. அப்படித்தான?”

“ஆமா அத்தை. தப்புத்தான்.”

“சரி, சேலைய மாத்து. மொதல்ல அந்த ஆளப் பாத்துட்டு வந்துருவோம்.”

முழங்கால் வலியோடு ஜவுளிக்கடை மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி ஆவுடையம்மாள் உள்ளே போனபோது ஐயாதுரை கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நாற்பது பிள்ளைகள். நடுவில் தங்கபாயும் இருந்தாள்.

“இங்க ஐயாதுரைங்கிறது யாருய்யா?”

“நான்தாம்மா. நீங்க?”

“நான்தான் ஆவுடையம்மாள்.”

யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியாது, நாற்பது பேரும் பெஞ்சு கிறீச்சிட எழுந்து நின்றார்கள். ஆவுடையம்மாளே இதை எதிர்பார்க்கவில்லை. “உக்காருங்க, உக்காருங்க” என்று கையமர்த்தினாள். கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

“யாரைக் கேட்டுய்யா என் பேரைப் போட்ட?”

“அது வந்து… டீச்சர் நோட்ஸுலயே அப்படித்தான்…”

“அவளுக்கு வீட்டுல வச்சுக் குடுத்தாச்சு. நீ சொல்லு. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அடுத்தவ எழுதினதுல உம் பேரைப் போட்டுக்கிட்டியே, அதையாவது ஒருவாட்டி வாசிச்சியா? ஏதோ வெலைவாசி பத்தித் தப்பா இருக்காமுல்லா. ஏ பிள்ள, யாராவது வாசி.”

“முப்பத்தோராம் பக்கம்” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற மரகதவல்லி. தங்கபாய் எழுந்து வாசித்தாள். “விலை கூடினால் தேவை கூடும்.”

ஆவுடையம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். “வெலை கூடினா சனம் கூட வாங்குமா? நல்லெண்ணெ வெலை ஏறவும் எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் கடலெண்ணெய்க்கு மாறிட்டாளுவ. நீ எந்தச் சந்தையிலய்யா சாமான் வாங்குத?”

சிரிப்பு வெடித்தது. ஆனால் தங்கபாய் சிரிக்கவில்லை. “சார், நான் இதத்தான் ரெண்டு வாரமா மனப்பாடம் பண்ணிருக்கேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஐயாதுரை புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி, முதல் தடவையாக, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தார். முகம் சுண்டிப்போனது. பிள்ளைகளுக்குக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு இருவரையும் வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

“நான் கணக்கு வாத்தியார்மா. பேராசிரியர்னு போட்டதும் பொய்தான். பொருளாதாரம் எடுத்த ஆளு பாதி வருஷத்துல நின்னுட்டாரு. இதுகள்ல பாதி மில்லுலயும் பேக்டரியிலயும் வேலை பாத்துட்டு வருது. என்ன செய்யன்னு தெரியாம இருந்தப்ப அந்த நோட்டு கைக்கு வந்துச்சு. அம்புட்டு லேசா யாரும் எழுதி நான் பாத்ததில்ல டீச்சர். அப்படியே தூக்கி அச்சாபீஸுல குடுத்துட்டேன்.” அவர் குரலில் கெட்டிக்காரத்தனம் போய்விட்டிருந்தது.

மரகதவல்லி பேராசிரியரின் கடிதத்தை நீட்டினாள். படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். “அப்ப நீங்களும்…”

“ஆமா, நானும்தான். அதனாலதான் சத்தம் போடாமப் பேசுதேன். அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இப்ப பதில் சொல்லுதேன். விதியை நான் எடுத்தது திருட்டில்ல. பேர் சொல்லாம இவர் எழுத்தை எடுத்தது தப்பு. நீங்க என் எழுத்தை எடுத்து உங்க பேரைப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. பேர் போட்டா, உள்ள இருக்கிற பிழைக்கும் நீங்கதான் பொறுப்பு. அதை யாரு சுமக்கப் போறது?”

ஐயாதுரை ஒத்துக்கொண்டார். புத்தகம் வாங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் திருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது, கட்டுப் பிரிக்காத புத்தகங்களில் அட்டையைக் கிழித்து வேறு அட்டை போடுவது, அதில் எழுதியவர் மரகதவல்லி, வெளியிட்டவர் ஐயாதுரை, இன்ன இரண்டு பக்கம் பேராசிரியர் ஆராவமுதன் அனுமதியோடு என்று அச்சிடுவது என முடிவானது. மறுபதிப்பு போடுவதானால் முதலில் கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“என் பேரு?” என்றாள் ஆவுடையம்மாள்.

“எடுத்துரட்டுமா அத்தை?”

நாற்பது பேர் எழுந்து நின்றது அவள் மனசில் ஓடியிருக்க வேண்டும். “இருந்துட்டுப் போவுது. ஆனா ஆறை மூணாக்கு.”

“மூணுல விதி வராது அத்தை. ஆறாவதுலதான் போதும்னு தள்ளணும்.”

ஆவுடையம்மாள் யோசித்தாள். “அப்ப சின்ன அதிரசம்னு போடு.”

புது அட்டையோடு வந்த புத்தகத்தில் திருத்தச் சீட்டு இரண்டு வரியாக இருந்தது. முதல் வரி தேவை விதி. இரண்டாவது வரி: ‘அதிரசம் என்பதைச் சிறிய அதிரசம் என்று திருத்திப் படிக்கவும்.’ ஐயாதுரை ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தம் கையாலேயே பசை தடவி ஒட்டினார். வராத இரண்டு பேருக்குச் சைக்கிளில் சோழபுரம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார் என்று பின்னால் தெரிந்தது.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. பள்ளி திறந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தங்கபாய் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தோடு மரகதவல்லியைத் தேடி வந்தாள். பாஸ். நூற்றுப்பதினெட்டு மார்க்.

“தேவை விதி வந்துச்சு டீச்சர்” என்றாள் மூச்சு வாங்க. “ஆனா உங்க உதாரணத்தை எழுதல. நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

“பொறவு என்ன எழுதின?”

“டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு கூடிச்சுல்லா. காலையில எங்க ஊருலருந்து பேக்டரிக்குப் பஸ்ஸுல போற பிள்ளைக எட்டுப் பேரு, ரெண்டு மைலுதான். கூடின மறுநாளே அஞ்சு பேரு நடக்க ஆரம்பிச்சிட்டோம். மிச்சம் மூணு பேருக்குக் கால் வலி. அவிய எம்புட்டுக் கூடினாலும் பஸ்ஸுலதான் வருவாக. அதை எழுதினேன். விலை கூடினாலும் தேவை குறையாத ஆளும் உண்டுன்னு அடியில போட்டேன்.”

மரகதவல்லி கையில் எடுத்த கவளத்தை டிபன் டப்பாவிலேயே போட்டுவிட்டாள். விலைக்கு வளைந்துகொடுக்கும் தேவை, வளைந்துகொடுக்காத தேவை என்று இரண்டு பாடத்தை இந்தப் பெண் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டாளே! பதினோரு வருஷமாகப் பாடம் நடத்துகிறாள், இப்படி ஒன்று தோன்றவில்லை.

“இது யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. பரீட்சையில யோசிச்சதுதான்.”

மரகதவல்லி கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்தாள். “தங்கபாய், இதை நான் வகுப்புல சொல்லலாமா? புத்தகத்துலயும் போடலாமா? உன் பேரோட.”

தங்கபாய் வெட்கத்தில் பொட்டலத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். “போடுங்க டீச்சர். ஆனா அந்த மூணு பேரு பேரையும் போட்டுறாதீங்க. கால் வலின்னு பேக்டரியில தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுருவாக.”

“சரி, போடல” என்று சொல்லி, மரகதவல்லி அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள்.